ஹோஸ்டிங் எடுக்க முதல் வெளிய போற வழியப் பாருங்கோ

திருகோணமலையில ஆர் புதுசா வெப்சைட் போட வந்தாலும் முதல் கேக்கிற கேள்வி ஒண்டுதான், வருசத்துக்கு எவ்வளவு முடியும். உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற அண்ணையும் அதைத்தான் கேக்கிறார், புறாமலைக்கு போட் ஓட்டுற தம்பியும் அதைத்தான் கேக்கிறான், பழைய மாணவர் சங்கத்துக்கு சைட் வேணுமெண்டு கொழும்பிலயிருந்து கோல் எடுக்கிற அக்காவும் அதைத்தான் கேக்கிறா. நியாயமான கேள்விதான், இந்த நாட்டில காசு பாக்காம என்னத்தைச் செய்யிறது. ஆனா இந்த வேலையோட கன காலமாக் கிடக்கிறவன் எண்டபடியால சொல்றன், அதுக்கு முதல் கேக்க வேண்டியது வேற. நாளைக்கு இந்தக் கொம்பனி சரிவராது எண்டு தெரிஞ்சா என்ட சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு நாளுக்குள்ள வேற இடம் போக ஏலுமா? ஏலுமெண்டா எடுங்கோ. ஏலாதெண்டா சும்மா தந்தாலும் வேண்டாம்.

முதல்ல ஹோஸ்டிங் எண்டா என்ன எண்டு கொஞ்சம் கதைப்பம், ஏனெண்டா இது விளங்காமலே வருசா வருசம் காசு கட்டுற சனம் நிறைய. உங்கட சைட்ட வைக்க ஒரு சேர்வரில வாடகைக்கு இடம் எடுக்கிறதுதான் ஹோஸ்டிங். சேர்வர் எண்டுறது நிப்பாட்டாம ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கொம்பியூட்டர், அவ்வளவுதான். டிம் பேர்னர்ஸ் லீ சேர்ன் ஆய்வுகூடத்தில ஓடவிட்ட முதலாவது வெப் சேர்வர் ஒரு நெக்ஸ்ட் கொம்பியூட்டர், அதில சிவப்பு மையால 'இது ஒரு சேர்வர், நிப்பாட்ட வேண்டாம்' எண்டு எழுதி ஒட்டியிருந்தது. இண்டைக்கும் நாங்கள் ஹோஸ்டிங்குக்கு காசு குடுக்கிறது அந்த ஒரு வசனத்துக்குத்தான். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டினது எல்லாருக்கும் நினைவிருக்கும், அந்த இருட்டில நாங்கள் மெழுகுதிரியோட இருக்கேக்க எங்கட வெப்சைட் சிங்கப்பூரிலயோ ஜெர்மனியிலயோ ஒரு கட்டடத்துக்குள்ள ஜெனரேட்டரும் பற்றரியும் ஏசியும் போட்டு ஓடிக்கொண்டிருந்துது, அதாலதான் வெளிநாட்டில இருக்கிறவைக்கு சைட் திறந்துது. வீட்டில ஒரு பழைய லேப்டொப்ப சேர்வரா வச்சா என்ன எண்டு கேக்கிற பொடியன்மாரும் இருக்கிறாங்கள். படிக்கிறதுக்கு நல்லது, கட்டாயம் செய்து பாருங்கோ. வியாபாரத்துக்கு வேண்டாம், கரண்ட் பிரச்சினை ஒரு பக்கம், வீட்டு இன்டர்நெட்டுக்கு நிரந்தர ஐபி அட்ரஸ், அதாவது இன்டர்நெட்டில கொம்பியூட்டரின்ட நம்பர் முகவரி, லேசில கிடைக்காதது இன்னொரு பக்கம்.

பெர்லினில இருக்கிற ஒருத்தர் உங்கட கெஸ்ட் ஹவுஸ் பேர பிரவுசரில அடிச்சா என்ன நடக்குது எண்டு பாப்பம். முதல்ல அந்தப் பேர், அதுதான் டொமைன், எந்த நேம்சேர்வரில, அதாவது பேருக்குரிய ஐபிய எழுதி வச்சிருக்கிற சேர்வரில, கிடக்கு எண்டு தேடும். பிறகு அந்த நேம்சேர்வரிட்ட போய் இந்தப் பேருக்கு ஐபி என்ன எண்டு கேக்கும், இது டிஎன்எஸ். அந்த ஐபியில இருக்கிற கொம்பியூட்டரிட்ட போய் பக்கத்தைத் தா எண்டு கேக்கும், அதுதான் ஹோஸ்டிங். உங்கட சைட் வேர்ட்பிரஸ் எண்டுற சைட் செய்யிற சோஃப்ட்வெயாரில ஓடுது எண்டா அந்தக் கொம்பியூட்டர் அந்த நேரம்தான் பிஎச்பி மொழியில எழுதின புரோகிராம ஓட்டி, டேட்டாபேஸில இருந்து எழுத்துகள எடுத்து, பக்கத்தைச் செய்து அனுப்பும். மெயில் இதுக்கெல்லாம் வெளிய தனியா ஒண்டு. இந்த நாலும் ஒரே கொம்பனியில இருக்க வேணுமெண்டு எந்தச் சட்டமும் இல்லை. நாலையும் ஒரே பக்கேஜில கட்டித் தாறதால எல்லாம் ஒண்டுதான் எண்டு சனம் நினைக்குது, வெளிய போக ஏலாம மாட்டுப்படுறது அந்த இடத்திலதான்.

உப்புவெளிப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ், பேர் சொல்லேல்ல. சைட் செய்து குடுத்த பொடியன் டொமைன தன்ட ஈமெயிலில தன்ட கணக்கில பதிஞ்சு வச்சிருந்தான், கெட்ட எண்ணத்தில இல்லை, அப்ப அதுதான் லேசு எண்டு செய்திருக்கிறான். பிறகு அவன் வெளிநாடு போய்ட்டான், நம்பரும் மாறிட்டுது. ரினியூ பண்ணச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவன் திறக்காத பெட்டிக்குள்ள போய் விழுந்துது. சரியா சீசன் நேரம், ஜூலையில சைட் காணேல்ல. ஹோஸ்டிங்குக்கு வருசக் காசு கட்டியிருக்கு, ஃபைல் எல்லாம் சேர்வரில பத்திரமாக் கிடக்கு, ஆனா பேர் இல்லை. மெனு கார்டில அடிச்ச கியூஆர், கூகுள் மெப்பில குடுத்த லிங்க், எல்லாம் ஒரு விளம்பரப் பக்கத்துக்குப் போகுது. டொமைன் ஆரின்ட எண்டு பாக்கிற ஹூஇஸ் பதிவில தேடிப் பாத்தா, 2018க்குப் பிறகு பெரும்பாலும் பேர் விபரம் மறைச்சுத்தான் காட்டும், ஆரின்ட கணக்கில இருக்கு எண்டே தெரியேல்ல. கடைசியா அவன்ட சொந்தக்காரர் ஒருத்தரப் பிடிச்சு, வாட்ஸ்அப்பில கதைச்சு, அவன் பாஸ்வேர்ட தேடி எடுத்து ரினியூ பண்ணினது.

அதுகும் அதிர்ஷ்டம்தான். டொட் கொம் மாதிரி டொமைன் காலாவதியாகினா, கொஞ்ச நாள் பழைய விலைக்கே ரினியூ பண்ண விடுவாங்கள், அது தாண்டினா 30 நாள் மீட்கிற காலம் எண்டு ஒண்டு வரும், அதுக்கு கட்டணம் பல மடங்கு. அதையும் விட்டா 5 நாளில அழிச்சுப்போட்டு ஆரும் வாங்கலாம் எண்டு விட்டுடுவாங்கள். நல்ல பேர் எண்டா காத்திருந்து பிடிக்கிற ஆக்கள் இருக்கிறாங்கள்.

டொமைன் எண்டுறது காணி உறுதி மாதிரி, உங்கட பேரில இருக்க வேணும், உங்கட கையில இருக்க வேணும். சைட் செய்யிற ஆளுக்கு வேலைசெய்ய அனுமதி குடுங்கோ, கணக்க குடுக்காதீங்கோ. உங்கட சொந்த ஈமெயிலில கணக்குத் திறந்து, டூ ஸ்டெப் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கிறது) போட்டு, ஓட்டோ ரினியூ போட்டு வையுங்கோ. அந்த ஈமெயில் அதே டொமைனில இருக்கிற ஈமெயிலா இருக்கக் கூடாது, டொமைன் விழுந்தா மெயிலும் சேர்ந்து விழும். டொட் எல்கே எண்டா எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில பதியிறது, அது 1990 இலயிருந்து இருக்கு, 2010 இலயிருந்து தமிழிலயே டொட் இலங்கை எண்டும் பேர் எடுக்க ஏலும். கோயில், சங்கம், தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டு சைட் போடுறவை அதையும் யோசிச்சுப் பாருங்கோ, எனக்கு அது நல்ல விருப்பம்.

இனி ஹோஸ்டிங் வகை. ஷெயார்ட், விபிஎஸ், டெடிகேட்டட் எண்டு பேர் பல இருக்கு. ஒரு கெஸ்ட் ஹவுஸ், ஒரு கடை, ஒரு சங்கம், இவைக்கு நல்ல ஷெயார்ட் ஹோஸ்டிங் தாராளம். ஷெயார்ட் எண்டா ஒரே சேர்வரில நூற்றுக்கணக்கான சைட், எல்லாருக்கும் ஒரு அளவு பங்கு. விபிஎஸ்ஸில உங்களுக்கெண்டு ஒதுக்கின ரெமும் சிபியூவும் வரும், ஆனா பட்ச் எண்டுற பாதுகாப்புத் திருத்தம் போடுறது, ஃபயர்வோல் போடுறது, இரவில விழுந்தா எழுப்பிறது எல்லாம் உங்கட தலையில, அதைப் பாக்க ஆள் இல்லையெண்டா எடுக்க வேண்டாம். டெடிகேட்டட் எண்டா முழு சேர்வரும் உங்களுக்கே, அது எங்கட ஊரில ஆருக்கும் தேவைப்பட்டு நான் காணேல்ல.

ஷெயார்டில எல்லாரும் பாக்கிறது இடம், 50 ஜிபி, 100 ஜிபி, அன்லிமிட்டட். இடம் ஒரு நாளும் பிரச்சினை ஆகிறேல்ல. ஹோஸ்டிங்க நடத்துற சீபெனல் எண்டுற பக்கத்துக்குள்ள போனா வலப்பக்கத்தில ஒரு பட்டியல் இருக்கும், அதில ஃபைல் எண்ணிக்கை, ரெம், சிபியூ, என்ட்ரி புரொசஸ் (ஒரே நேரத்தில ஓடுற கோரிக்கை) எண்டு வரிசையா அளவு போட்டிருக்கும், உண்மையான எல்லை அதுதான். அன்லிமிட்டட் எண்டு வித்த பிளானிலயும் ஃபைல் எண்ணிக்கைக்கு எல்லை இருக்கும், நிபந்தனைப் பக்கத்தில கீழ எங்கயாவது எழுதியிருப்பாங்கள். திமிங்கிலம் பாக்கக் கூட்டிக்கொண்டு போற ஒருத்தற்ற சைட் சீசனில அடிக்கடி 508 எண்டு காட்டிக்கொண்டு நிண்டுது, ரிசோர்ஸ் லிமிட் முடிஞ்சுது எண்டு அர்த்தம். அவர் கொம்பனியப் பேசிக்கொண்டிருந்தார், பெரிய பிளானுக்கு மாறவும் வெளிக்கிட்டார். உள்ளுக்குப் போய்ப் பாத்தா கலரியில ஃபோனில எடுத்த படம் அப்பிடியே, ஒண்டு அஞ்சு எம்பி ஆறு எம்பி, அதோட கேஷ், அதாவது ஒருக்காச் செய்த பக்கத்தைச் சேமிச்சு வச்சுத் திருப்பிக் குடுக்கிறது, எண்டு ஒண்டும் இல்லை, ஆர் வந்தாலும் ஒவ்வொரு தரமும் பிஎச்பி முதல்ல இருந்து பக்கத்தைச் செய்யுது. படத்தை வெப்பி எண்டுற பாரம் குறைஞ்ச ஃபைல் வகையா ஆக்கி சின்னனாக்கி, கேஷ் பிளகின் ஒண்டு போட்ட உடன அதே பிளானில சைட் ஓடுது. அதால சொல்றன், பெரிய பிளான் வாங்க முதல் அந்த வலப்பக்கப் பட்டியல ஒருக்காப் பாருங்கோ, எது சிவப்பாகுது எண்டு அது சொல்லும்.

99.9% அப்டைம் எண்டு எல்லாரும் போடுறாங்கள். கணக்குப் பண்ணினா அது மாசத்துக்கு 43 நிமிசம், வருசத்துக்கு எட்டே முக்கால் மணித்தியாலம் விழுந்து கிடக்கலாம் எண்டுற அர்த்தம். 99% எண்டா வருசத்தில மூண்டரை நாளுக்கு மேல. வாக்குறுதிய மீறினா என்ன தருவாங்கள் எண்டும் வாசியுங்கோ, பெரும்பாலும் அந்த மாசக் காசில ஒரு பங்கைக் கழிப்பாங்கள், உங்கட புக்கிங் போனதுக்கு ஒரு சதமும் இல்லை. அதோட அவங்கட சொல்ல மட்டும் நம்பாம, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சைட்டத் தட்டிப் பாத்து மெயில் அனுப்புற இலவச மொனிட்டர் சேவை இருக்கு, முதல் நாளே போட்டு வையுங்கோ. ரெண்டு மாசத்தில கொம்பனியின்ட உண்மையான குணம் தெரியும்.

சேர்வர் எங்க இருக்கு எண்டதும் முக்கியம். கடலுக்கடியில போற கண்ணாடி நாருக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும், அப்ப 1,000 கிலோமீற்றர் போய் வர 10 மில்லிசெக்கன். அமெரிக்காவில இருக்கிற சேர்வருக்கு இஞ்சயிருந்து ஒரு தரம் போய் வரவே 200க்கு மேல ஆகும், ஒரு பக்கம் திறக்க அப்பிடிப் பல தரம் போய் வர வேணும். எங்கட ஊர்ச் சனம் பாக்கிற பள்ளிக்கூட சைட் எண்டா சிங்கப்பூர், மும்பை, சென்னை பக்கம் நல்லம். ஆனா நிலாவெளியில இருக்கிற ஹோட்டலுக்கு அப்பிடி இல்லை, உங்கட ஆள் ஜெர்மனியிலயோ பிரான்ஸிலயோ வீட்டிலயிருந்து மாசக் கணக்கா முந்தியே ரூம் தேடுறார், அப்ப சேர்வர் ஐரோப்பாவில இருந்தாத்தான் அவருக்குக் கெதியாத் திறக்கும். கோயில் சைட் எண்டா ரொறன்ரோ, லண்டன், சிட்னி எண்டு சிதறிக் கிடக்கிற சனம் எல்லாம் பாக்கும், அதுக்கு கிளவுட்ஃப்ளெயர் மாதிரி ஒரு சிடிஎன், அதாவது உலகத்தில பல இடத்தில பக்கத்தின்ட பிரதிய வச்சுக் குடுக்கிற சேவை, முன்னுக்குப் போட்டா, இலவசப் பிளானே காணும். திருவிழா லைவ் வீடியோவ மட்டும் ஹோஸ்டிங்கில ஏத்தாதீங்கோ, யூடியூப்பில போட்டு சைட்டில ஒட்டுங்கோ.

எனக்கு மனசு பதைக்கிற இடம் பெக்கப். இதில சனம் காட்டுற அலட்சியத்தைப் பாக்க உண்மையாவே வயிறு எரியுது.

2021 மார்ச் 10, விடிய முதல் பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பேர்க்கில ஓவிஎச் எண்டுற பெரிய கொம்பனியின்ட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு ஒரு முழுக் கட்டடமே போச்சு, பக்கத்துக் கட்டடத்திலயும் ஒரு பகுதி. 36 லட்சம் வெப்சைட் அண்டைக்கு விழுந்தது எண்டு நெட்கிராஃப்ட் எண்டுற இன்டர்நெட் ஆய்வுக் கொம்பனி கணக்குச் சொல்லிச்சு. கனபேற்ற பெக்கப்பும் அதே இடத்திலதான் இருந்துது, அதுகும் சேர்ந்து எரிஞ்சுது. 2023 ஆகஸ்டில டென்மார்க்கில கிளவுட்நோர்டிக் எண்டுற ஹோஸ்டிங் கொம்பனிக்குள்ள ரான்சம்வெயார், அதாவது டேட்டாவப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற புரோகிராம், புகுந்து சேர்வரோட பெக்கப்பையும் சேர்த்துப் பூட்டிப்போட்டுது, பெரும்பாலான வாடிக்கையாளரின்ட டேட்டா முழுக்கப் போச்சு எண்டு கொம்பனியே வெளிப்படையாச் சொல்லிச்சு. அதே மாசம் எங்கட நாட்டில, லங்கா கவர்மென்ட் கிளவுட்டில, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க மெயில் முகவரிகள் ஏறக்குறைய 5,000, மே 17 இலயிருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான மெயில் திருப்பி எடுக்க ஏலாமப் போச்சு. ஓடினது பழைய வேர்ஷன் மெயில் சோஃப்ட்வெயார், அந்தக் காலத்துக்கு வெளிய எடுத்து வச்ச பெக்கப்பும் இல்லை. ஒரு நாட்டின்ட அமைச்சரவைக்கே இப்பிடியெண்டா, எங்கட சின்ன சைட்டுக்கு ஆர் பொறுப்பு?

அதால கொம்பனி 'டெய்லி பெக்கப்' எண்டு எழுதியிருக்கிறதப் பாத்து நிம்மதியாப் படுக்காதீங்கோ. மூண்டு விசயம் கேளுங்கோ, பெக்கப் அதே கட்டடத்திலயா வேற ஊரிலயா இருக்கு, எத்தனை நாளுக்கு வச்சிருக்கிறீங்கள், உங்கட உதவி இல்லாம நானே அத இறக்கலாமா. மூண்டாவதுக்கு இல்லை எண்டு சொன்னா அந்தக் கொம்பனிய விட்டுடுங்கோ. பிறகு உண்மையாவே இறக்குங்கோ, ஃபைலும் டேட்டாபேஸும் ரெண்டும், மாசத்துக்கு ஒருக்காவாவது, புக்கிங் சைட் எண்டா ஒவ்வொரு நாளும். ஒண்டு கூகுள் டிரைவில, ஒண்டு வீட்டில ஹார்ட் டிஸ்கில. அதோட அந்த பெக்கப்ப எங்கயாவது திருப்பி ஏத்திப் பாருங்கோ, வேலை செய்யுதா எண்டு. 2017 ஜனவரி கடைசியில புரோகிராம் எழுதுறவை பாவிக்கிற கிட்லாப் எண்டுற சேவையில ஒரு டேட்டாபேஸ் தவறி அழிஞ்ச நேரம், வச்சிருந்த பல பெக்கப் முறைகளில ஒண்டும் சரியா வேலை செய்யேல்ல, கடைசியா ஆறு மணித்தியாலத்துக்கு முதல் ஒருத்தர் தற்செயலா எடுத்து வச்ச பிரதிதான் கைகுடுத்துது. அவ்வளவு கெட்டிக்காரர் இருக்கிற இடம் அது. வருசக்கணக்காச் சேர்த்த படமும், வந்து தங்கின ஆக்கள் எழுதிப்போட்ட நல்ல வார்த்தையும் ஒரு இரவில போறதப் பாத்த ஆக்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

விலைக்கு வருவம். முதல் வருசம் மாசத்துக்கு ரெண்டு டொலர் எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கும், ரினியூ விலை சின்ன எழுத்தில, மூண்டு மடங்கு நாலு மடங்கு எண்டு. ரினியூ விலையத்தான் உண்மையான விலையா எடுங்கோ. அதோட டொலர் இருக்கு. 2022 மார்ச் தொடக்கம் வரைக்கும் டொலர் கிட்டத்தட்ட 200 ரூபா, மே மாசம் 360. 60 டொலர் பில் 12,000 ரூபாவில இருந்து 21,600 ரூபா ஆச்சு, கொம்பனி ஒரு சதம் கூட்டாமலே. கார்ட்டில டொலர் கட்ட ஏலாமப் பலர் தவிச்சதையும் கண்டனான். அதனால இஞ்ச ரூபாவில காசு வாங்கி, தமிழில ஃபோன் எடுத்துக் கதைக்கிற சின்னக் கொம்பனிகள நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். அவை பெரும்பாலும் வெளிநாட்டு சேர்வர மொத்தமா எடுத்துப் பிரிச்சு விக்கிறவை, அதில பிழை ஒண்டும் இல்லை, ஆனா ஆரிட்ட எடுத்து விக்கிறீங்கள் எண்டு கேட்டா நேரச் சொல்ல வேணும். அவை மேல இருக்கிற கொம்பனிக்கு காசு கட்டாம விட்டா உங்கட சைட்டும் சேர்ந்துதான் நிக்கும்.

'சிறந்த 10 ஹோஸ்டிங்' எண்டு வாற கட்டுரைகளையும் கவனமா வாசியுங்கோ. அதில இருக்கிற லிங்க்கால நீங்கள் வாங்கினா எழுதினவருக்கு கொமிஷன் வரும், கனக்கக் குடுக்கிற கொம்பனி மேல நிக்கும். வேற வேற பேரில இருக்கிறது ஒரே முதலாளியாவும் இருக்கலாம், புளூஹோஸ்டும் ஹோஸ்ட்கேற்றரும் ரெண்டுமே நியூஃபோல்ட் டிஜிட்டல் எண்டுற கொம்பனியின்ட கைக்குள்ளதான். அதை விட எங்கட ஊரில ரெண்டு மூண்டு வருசமா ஒரு கொம்பனியப் பாவிக்கிற ஆளிட்ட நேரக் கேளுங்கோ, கடைசியா எப்ப சைட் விழுந்தது, விழுந்த நேரம் அவங்கள் என்ன சொன்னாங்கள் எண்டு.

காசு கட்ட முதல் நீங்களும் சோதிக்கலாம். சனிக்கிழமை இரவு சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கோ, மேல சொன்ன அந்த பெக்கப் கேள்விகளையே அனுப்புங்கோ. ஒரு ஆள் வாசிச்சுப் பதில் எழுதினதா, இல்லை எங்கயோ இருந்து வெட்டி ஒட்டினதா எண்டு பாத்த உடன தெரியும். சைட்டுக்கும் பிரவுசருக்கும் இடையில போறத மத்தவை வாசிக்க ஏலாமப் பண்ணுற எஸ்எஸ்எல் சேர்டிஃபிகேட்டுக்கு தனியாக் காசு கேட்டா யோசியுங்கோ, லெட்ஸ் என்கிரிப்ட் எண்டுற அமைப்பு 2015 கடைசியிலயிருந்து சும்மா தருது, காலம் முடிய முதல் தானாப் புதுப்பிக்கிற மாதிரி வைக்கலாம், நல்ல கொம்பனி எல்லாம் அதைச் சேர்த்தே தருது. பிஎச்பி புது வேர்ஷன் இருக்கா எண்டும் கேளுங்கோ. மெயிலுக்கு நான் ஷெயார்ட் ஹோஸ்டிங்க நம்பிறேல்ல, அதே ஐபியில பக்கத்தில இருக்கிற ஒருத்தர் ஸ்பாம் அனுப்பினா உங்கட புக்கிங் பதிலும் ஸ்பாமுக்குள்ள போகும், மெயில வேற இடத்தில வச்சு, மெயில் உண்மையாவே உங்கட டொமைனில இருந்துதான் வருது எண்டு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூண்டையும் டிஎன்எஸ்ஸில சரியாப் போடுங்கோ.

இப்ப இருக்கிற இடம் சரியில்லை, மாறப்போறீங்கள் எண்டா சீசன் முடிய, நவம்பர் டிசம்பர் மழைக்காலத்தில மாறுங்கோ, அப்பதான் இஞ்ச புக்கிங் குறைவு. ரெண்டு நாளுக்கு முதல் டிஎன்எஸ்ஸில டிடிஎல்ல, அதாவது பழைய ஐபிய எவ்வளவு நேரம் நினைவில வச்சிருக்கலாம் எண்டுற அளவ, 300 செக்கனுக்குக் குறையுங்கோ, அப்ப மாத்தின உடன உலகம் முழுக்க கெதியாத் தெரியும். புது சேர்வரில சைட்ட முழுசா ஏத்தி, உங்கட கொம்பியூட்டரின்ட ஹோஸ்ட்ஸ் ஃபைலில (டிஎன்எஸ்ஸக் கேக்க முதல் உங்கட கொம்பியூட்டர் பாக்கிற பட்டியல்) புது ஐபியப் போட்டு, ஃபோர்ம் அனுப்பி, படம் திறந்து, புக்கிங் ஒண்டு செய்து பாத்துப்போட்டு டிஎன்எஸ்ஸ மாத்துங்கோ. மெயில் பழைய இடத்திலதான் இருக்கு எண்டா மெயில் எங்க போக வேணுமெண்டு சொல்லுற எம்எக்ஸ் ரெக்கோர்டத் தொடாதீங்கோ. பழைய கணக்க அண்டைக்கே மூடவும் வேண்டாம், ரெண்டு கிழமையாவது விட்டு வையுங்கோ, டிஎன்எஸ் இன்னும் புதுப்பிக்காத இடங்களில இருக்கிற ஆக்கள் அங்கதான் வந்து புக்கிங் போடுவாங்கள், ஒவ்வொரு நாளும் காலமை போய் அதில புதுசா ஏதும் விழுந்திருக்கா எண்டு பாத்து எடுத்துக்கொண்டு, ஒண்டும் வரேல்ல எண்டு உறுதியான பிறகு மூடுங்கோ.